உழாத நிலத்தில் மானுக்கு விருந்து



உழவு என்றால் நமக்கு ஏர் நினைவுக்கு வரும். ஏரோடு மாடும், மாட்டோடு நெல்லும், நெல்லோடு நம் வீட்டு அடுப்பும் நினைவுக்கு வரும். விதைப்பது மனிதன், உண்பதும் மனிதன் என்பதே நாம் பழகிய கணக்கு. ஆனால் மனிதன் விதைத்து மான் உண்ண வேண்டும் என்று வேலை செய்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களில் அறிவாளிகள் ஏரைக் கொட்டகையிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள் என்பதுதான் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

முதலில் அமெரிக்க வழக்கத்தைச் சொல்லிவிடுகிறோம். அந்நாட்டில் வெள்ளைவால் மான் என்று ஓர் இனம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேட்டையாலும் காடழிப்பாலும் அது சில லட்சங்களாகக் குறைந்துபோயிற்று. பிறகு சட்டங்களாலும் பராமரிப்பாலும் மீண்டு, இன்று கோடிக்கணக்கில் பெருகியிருக்கிறது. கோடை முடிந்து இலையுதிர் காலம் தொடங்குகையில், அங்கே நிலமுடையோர் பலர் காட்டோரத்தில் ஒரு சிறு துண்டு நிலத்தை மானுக்கென்று ஒதுக்கி, ரை என்னும் தானியம், ஓட்ஸ், குளோவர் என்னும் தீவனப்பயிர், டர்னிப் கிழங்கு முதலியவற்றை விதைப்பார்கள். பனிக்காலத்தில் காடு வெறுமையாகிவிடும்போது இந்தத் துண்டு நிலம் பச்சையாக நிற்கும்.

டிராக்டரும் கலப்பையும் இல்லாத சிறு நிலக்காரர்கள் ஒரு சுருக்கு வழி கண்டிருக்கிறார்கள். மண்ணைச் சோதித்துப் புளிப்பு மிகுந்திருந்தால் சுண்ணாம்பு தூவுவார்கள். மழை வரும் அறிகுறி தெரிந்ததும், நின்றுகொண்டிருக்கும் புல் பூண்டின் ஊடே விதையைக் கையால் வீசுவார்கள். பிறகு அந்தப் பூண்டை வெட்டி அப்படியே விதையின்மேல் சாய்த்துவிடுவார்கள். வெட்டிய தழை போர்வையாகும்; மழை விதையை மண்ணோடு சேர்க்கும். டர்னிப், குளோவர் போன்ற பொடி விதைகளுக்கு இந்த முறை நன்றாகப் பொருந்தும். பருத்த விதைகளை மண்ணுக்குள் வைத்தாக வேண்டும். மேலே வீசினால் பறவைகள்தாம் பயனடையும்.

அங்கே இவ்வளவு பாடுபடுகிறவர்களில் பெரும்பாலோர் வேட்டைக்காரர்கள் என்பதை மறைப்பதில் பொருளில்லை. விருந்து வைப்பவனே வாசலில் துப்பாக்கியோடு காத்திருப்பான். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டைக்கு இடமில்லை. ஆகையால் இங்கே மானுக்குப் புல் வளர்க்கிறவர்களின் நோக்கம் வேறு. ஓர் இனம் பூண்டோடு அற்றுப்போகாமல் காப்பதே அது. அந்தக் கதை நடந்த இடம், ஜபல்பூரிலும் நாகபுரியிலும் பிலாயிலும் வாழும் நம்மவர்கள் ஒரு நாள் பயணத்தில் போய்ச் சேரக்கூடிய இடம்: மத்தியப் பிரதேசத்தின் மண்டலா, பாலாகாட் மாவட்டங்களில் பரந்துகிடக்கும் கான்ஹா வனம்.

கான்ஹாவில் பாரசிங்கா என்று ஒரு மான் உண்டு. பன்னிரண்டு கொம்பு என்பது அந்த இந்திப் பெயரின் பொருள். வளர்ந்த ஆண்மானின் கொம்புகள் பல கிளைகளாகப் பிரிந்திருப்பதால் வந்த பெயர் இது. வடக்கே தராய்ப் பகுதியில் இதன் உறவினம் சதுப்பு நிலத்தில் வாழ்கிறது. சேற்றில் நடக்க ஏற்றவாறு அதன் குளம்புகள் அகன்று விரியும். கான்ஹாவின் பாரசிங்காவோ கெட்டி நிலத்தில் வாழப் பழகியது. நீரையும் ஈரப் புல்லையும் அது விரும்பும் என்பது உண்மை. ஆனால் கால் வைப்பதற்குத் திடமான தரை வேண்டும்.

1938-ஆம் ஆண்டில் இந்த மானின் தொகை கான்ஹா வட்டாரத்தில் ஏறக்குறைய மூவாயிரம் என்று கணக்கிட்டார்கள். 1970-இல் எஞ்சியிருந்தவை 66. அந்தக் கெட்டிநிலக் கிளையினம் அப்போது உலகத்தில் வேறெங்கும் இல்லை. அறுபத்தாறு என்பது ஒரு சிற்றூரின் ஒரு தெருவில் குடியிருப்போர் தொகை. ஒரு தொற்றுநோயோ ஒரு கொடிய கோடையோ போதும், கணக்கு முடிந்துவிட.

ஏன் இப்படி ஆயிற்று? வேட்டையும் நோயும் புலியும் காரணங்களாகக் கூறப்பட்டன. அவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் 1971 முதல் அங்கே தங்கி ஆராய்ந்த சுவிட்சர்லாந்து நாட்டறிஞர் க்ளாட் மார்ட்டின் முதலியோர் கவனத்தைப் புல்லின் பக்கம் திருப்பினார்கள். புள்ளிமான் புல்லும் தின்னும், தழையும் தின்னும், குரங்கு மரத்திலிருந்து உதிர்க்கும் காயையும் இலையையும் தின்று நாளைக் கழித்துவிடும். கடமான் காட்டுக்குள்ளேயே இலையும் பட்டையும் கொண்டு பிழைத்துக்கொள்ளும். பாரசிங்காவுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அதற்கு உணவு புல். புல் இல்லையேல் பட்டினி. அதோடு அதன் தேவை ஒருவகைப் புல்லோடு தீர்வதில்லை. மேய்வதற்குக் குட்டையான இளம்புல் வேண்டும். மழை ஓயும் காலத்தில் பிறக்கும் குட்டியை ஒளித்துவைக்க ஆள் உயரப் புல் வேண்டும். ஆண்டுதோறும் எல்லாப் புல்வெளிக்கும் தீ வைத்துவந்த பழைய வழக்கத்தால் உயரப் புல் அழிந்தது. கால்நடைகள் கூட்டமாக மேய்ந்ததால் குட்டைப் புல்லும் தேய்ந்தது. குட்டி மறைய இடமில்லாத நாட்டில் நரிக்கும் சிறுத்தைக்கும் வேலை எளிதாயிற்று.

மருந்து என்ன என்று வன இலாகா யோசித்தது. ஊனுண்ணிகள் புகாதவாறு வேலியிட்டு ஓர் அடைப்பை ஏற்படுத்தி அதற்குள் சில மான்களைப் பெருகவிட்டார்கள். மற்றொரு பக்கம், 1960-களின் இறுதியில் தொடங்கி, வனத்தின் உட்பகுதியிலிருந்த கிராமங்களை ஒவ்வொன்றாக வெளியே குடியமர்த்தினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் இவ்வாறு இடம் பெயர்ந்தன. ஊர் போன இடத்தில் வயல் நின்றது. வயலில் புல் வந்தது. சோன்ஃப் என்னும் ஊரிருந்த வெளி பாரசிங்காவின் முக்கியமான இருப்பிடங்களுள் ஒன்றாயிற்று. இன்று கான்ஹாவில் பாரசிங்காவின் தொகை ஆயிரத்தை ஒட்டி நிற்கிறது. உலகத்தின் வனவிலங்குப் பராமரிப்பு வரலாற்றில் பெருமையோடு சொல்லிக்கொள்ளக்கூடிய செய்தி இது.

ஆனால் ஊர் போனால் போதும், புல் தானே வந்துவிடும் என்று நினைப்பது தவறு. முதல் இரண்டு மூன்று ஆண்டு தோற்றம் நம்மை ஏமாற்றும். வயலில் புல் அடர்ந்து நிற்கும். பிறகு ஓரத்திலிருந்து புரச மரக் கன்றுகளும் வேறு மரங்களின் கன்றுகளும் மெல்ல மெல்ல உள்ளே நடந்து வரும். மேய்ச்சல் மிகுந்து மண் வெளுத்த இடங்களில் தகரைச் செடி முளைக்கும். நம்மூரில் சொறி சிரங்குக்குப் பற்றுப் போடுவார்களே, அதே தகரைதான். மானுக்கு அது பிடிக்காது. மான் தின்னாததால் அது தழைக்கும். அது தழைப்பதால் புல்லுக்கு இடம் குறையும். உண்ணிச்செடி எனப்படும் லந்தானா மற்றொரு பகைவன். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவின் தாவரவியல் தோட்டத்துக்கு அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட அந்தச் செடி, இன்று இமயத்தின் அடிவாரம் முதல் முதுமலை வரையில் காடுகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இங்கேதான் ஏருக்கும் நமக்கும் வழக்கு எழுகிறது. களை மண்டிய நிலத்தைக் கண்டதும் நம் கை கலப்பையைத் தேடும். ஒரு சால் ஓட்டிப் புரட்டிவிட்டால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்று தோன்றும். சுத்தமாகவும் ஆகும், ஒரு மாதத்துக்கு மட்டும். தகரையின் விதைக்குக் கெட்டியான தோல் உண்டு. அது மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கும். மேல் மண்ணைப் புரட்டுவது உறங்குகிறவனைத் தட்டி எழுப்புவதற்கு ஒப்பாகும். அதே கலப்பை, பல ஆண்டு வாழும் புல்லின் வேர்த்தூரை அறுத்துப் போடும். வேண்டாத செடிக்குப் பாயும், வேண்டிய புல்லுக்குக் கத்தியும் ஒரே கருவி தருகிறது. மேலும் கான்ஹாவின் வெளிகள் பல சரிவானவை. பருவமழை ஓங்கி அடிக்கும் பிரதேசத்தில், புரட்டிய மண் முதல் மழையிலேயே ஓடையில் கலந்து நர்மதையின் பக்கம் பயணப்பட்டுவிடும்.

ஆகையால் இந்த வேலையின் சூத்திரம், மண்ணை எவ்வளவு குறைவாகத் தொட முடியுமோ அவ்வளவு குறைவாகத் தொடுவதே. லந்தானாவை ஒழிக்கும் முறையையே எடுத்துக்கொள்வோம். அதை மேலே வெட்டினால் அடுத்த மழைக்கு ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். தோண்டி வேரோடு பிடுங்கினால் பெரும் பள்ளம் விழும். அந்தப் புதுமண்ணில் அதன் விதைகளே முதலில் முளைக்கும். டில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் சி. ஆர். பாபுவும் அவருடைய குழுவினரும் இதற்கு ஓர் உபாயம் கண்டார்கள். தண்டு வேரோடு சேருமிடத்தில்தான் துளிர்க்கும் சக்தி இருக்கிறது என்று அவர்கள் கவனித்தார்கள். அந்த இடத்துக்குச் சற்றுக் கீழே, மண்ணுக்கடியில் மூன்று நான்கு விரற்கடை ஆழத்தில், கொத்தால் ஆணிவேரை ஒரே வெட்டாக வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட வேண்டியது. வேர் வானத்தைப் பார்த்துக்கொண்டு உலர்ந்துபோகும். நிலமோ ஏறக்குறைய தொடாதபடியே இருக்கும். ஒரு கொத்தும், இரண்டு கைகளும், எந்த இடத்தில் வெட்டுவது என்ற அறிவும் போதும். ஆனால் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மரத்தில் உட்காரும் பறவை பழத்தைத் தின்றுவிட்டு விதையை அடியில் போட்டுக்கொண்டே இருக்கும் அல்லவா?

களை போன இடத்தில் புல்லை வரவழைப்பது அடுத்த வேலை. அமெரிக்கர்கள் இலையுதிர் காலத்தில் விதைக்கிறார்கள் என்றோம். நம் நாட்டிலோ அதே பருவத்தில் விதையைச் சேகரிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் புல் முற்றிக் கதிர் பழுக்கும். எந்த வெளியில் நல்ல புல் நிற்கிறதோ, அங்கே கைக்கொள்ளுமளவு கதிரை உருவிச் சாக்கில் கட்டி உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். காட்டுப் புல்விதைகளில் பல, பழுத்தவுடன் முளைப்பதில்லை; சில மாதம் உறங்கிய பிறகே முளைக்கும். ஆகவே கோடை முழுவதும் சாக்கில் கிடப்பது அவற்றுக்கு நல்லதே. கடையில் விற்கும் வெளியூர்த் தீவன விதை மலிவாகவும் எளிதாகவும் கிடைக்கும். ஆனால் அதைக் காட்டுக்குள் கொண்டுபோவது அறிவுடைமை ஆகாது. லந்தானாவும் ஒரு காலத்தில் விருந்தாளியாகத்தானே வந்தது?

ஆனியில் முதல் மழை விழும் தறுவாயில் விதையை வீசிவிடலாம். கால்நடைகள் ஆண்டுக்கணக்கில் மிதித்து இறுகிய தரையாக இருந்தால், ஒரு முட்கிளையை வெட்டிக் கயிறு கட்டி இழுத்துக் கீறிவிட்டால் போதும். இந்த ஒன்றுக்கு மட்டும் நாம் விலக்குக் கொடுக்கலாம். எறும்பு விதையைத் தூக்கிச் செல்லும் என்று அஞ்சுகிறவர்கள், களிமண்ணும் சாணமும் பிசைந்து விதையைச் சிறு உருண்டைகளாக உருட்டிப் போடுகிறார்கள். ஜப்பானிய விவசாயி மசனோபு ஃபுகுவோகா உழாத விவசாயத்துக்காக இந்த உருண்டைகளைப் பரப்பியவர். 1988-இல் மகசேசே விருது பெற்றவர். தூர்ப்புல்லாக இருந்தால் விதையைக் காட்டிலும் வேர்த்துண்டே நம்பகமானது. ஒரு தூரைப் பிரித்தால் பத்துப் பதினைந்து துண்டு கிடைக்கும். மழை ஈரத்தில் குச்சியால் ஒரு துளையிட்டு நட்டு, காலால் ஒரு மிதி மிதித்துவிட்டு அடுத்த அடிக்கு நகரலாம்.

விதை வீசுவதைப் பற்றிப் பேசுகையில் ஓர் அற்புதத்தைச் சொல்லாமல் போக முடியாது. புல்வெளியில் நடந்துவிட்டு வந்தால் வேட்டியிலும் காலுறையிலும் ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டிருக்கும் ஒருவகைப் புல்லின் விதையை நேயர்கள் அனுபவித்திருப்பீர்கள். அதைத் திட்டிக்கொண்டே பிடுங்கி எறிந்துமிருப்பீர்கள். அடுத்த முறை எறியாமல் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஒரு முனை கூரானது. அதில் பின்னோக்கிய மயிர்கள் உண்டு. மறுமுனையில் நீண்ட வால் முறுக்கிக்கொண்டிருக்கும். அதன்மேல் ஒரு சொட்டு நீர் விடுங்கள். வால் முறுக்கு அவிழ்ந்து சுழலத் தொடங்கும். உலர்ந்தால் மறுபடியும் முறுக்கிக்கொள்ளும். இரவின் பனியில் நனைந்தும் பகலின் வெயிலில் காய்ந்தும் இப்படி மாறி மாறிச் சுழன்று, அந்த விதை திருகாணிபோல் தன்னைத் தானே மண்ணுக்குள் செலுத்திக்கொள்கிறது. பின்னோக்கிய மயிர்கள் அதை வெளியே வரவிடுவதில்லை. தன் ஏரைத் தானே சுமந்து பிறக்கும் விதைக்கு நம் ஏர் எதற்கு?

புல் முளைத்துவிட்டது என்பதோடு கவலை தீர்ந்துவிடாது. புதுப்புல் கண்ட இடத்தில் புள்ளிமான்கள் நூற்றுக்கணக்கில் கூடும். அவை மொட்டையடித்துவிட்டுப் போன இடத்தில் மறுபடியும் தகரைதான் வரும். ஆகையால் வெளியின் ஒரு பகுதியைச் சில காலம் வேலியிட்டு ஓய்வு கொடுக்கிறார்கள். அது தேறியபின் மற்றொரு பகுதிக்கு ஓய்வு. தீயும் முற்றிலும் விலக்கப்பட வேண்டிய பொருளன்று. குளிர்காலத்தின் இறுதியில் சிறு சிறு பகுதியாகக் கொளுத்தினால் பழைய தாள் போய்ப் பசுந்துளிர் வரும். முழுவதையும் ஒரே நாளில் கொளுத்துவதே பாரசிங்காவைக் கெடுத்த பழைய பிழை.

நேயர்களில் சிலர் இவையெல்லாம் புதுமையான விஞ்ஞானம் என்று எண்ணக்கூடும். அந்தக் காட்டின் பழங்குடிகளைக் கேட்டால் சிரிப்பார்கள். கான்ஹாவைச் சுற்றி வாழ்கிறவர்களில் பைகர் என்போர் ஒரு கூட்டத்தார். அவர்களுடைய பழைய வேளாண்மைக்குப் பெவார் என்று பெயர். சரிவில் புதரையும் கிளையையும் வெட்டிப் பரப்பி, உலர்ந்தபின் எரித்து, மழைக்கு முன் சாம்பலின்மேல் பலவகை விதைகளைக் கலந்து தூவுவார்கள். சில ஆண்டு கழித்து அந்த இடத்தைக் காட்டுக்கே விட்டுவிட்டு வேறிடம் செல்வார்கள். ஏர் பூட்ட மாட்டார்கள். நிலமகள் தாய், தாயின் மார்பை இரும்பால் கிழிக்கலாகாது என்பது அவர்கள் கொள்கை. வெரியர் எல்வின் 1939-இல் வெளியிட்ட பைகர்களைப் பற்றிய நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஆங்கில அரசாங்கம் இந்த முறையைக் காட்டுக்குக் கேடென்று கருதித் தடுத்தது. 1890-இல் ஒரு சில ஊர்களைக் கொண்ட பைகா சக் என்னும் எல்லைக்குள் மட்டுமே அதற்கு இடம் விட்டது. மற்றவர்கள் ஏரைப் பிடிக்க வேண்டியவராயினர்.

அவர்கள் சாம்பலில் தூவிய கோதோ, குட்கி என்பன என்ன தெரியுமா? வரகும் சாமையுந்தான். நம்முடைய அகப்பொருள் இலக்கணம் முல்லை நிலத்துக்கு உணவாக வரகையும் சாமையையும் சொல்கிறது. விலங்காக மானைச் சொல்கிறது. பெரும்பொழுதாகக் கார்காலத்தைச் சொல்கிறது. அவ்விலக்கணத்தைப் பள்ளியில் நெட்டுருப் போட்ட நம்மவர் ஒருவர் கார்காலத்தில் மண்டலா மாவட்டத்தின் சாலையில் போனால், பாடப்புத்தகம் கண்முன் விரிந்து கிடப்பதைக் காண்பார். ஊர் நீங்கி ஆயிரம் மைல் வந்தோம் என்று வருந்துகிறவர்களுக்கு நாம் இதை ஓர் ஆறுதலாகச் சொல்லவில்லை; உள்ளது உள்ளபடி சொல்கிறோம்.

இதில் நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்றும் உண்டு. மான் மேயும் இன்றைய வெளிகளில் பலவற்றை வெளியாக ஆக்கியவர்கள் யார்? கோடரியும் தீயும் மாடும் கொண்டு தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த பைகரும் கோண்டரும் அல்லவா? அவர்கள் விட்டுவந்த வயலே பாரசிங்காவுக்கு வாழ்வு கொடுத்தது. பாரசிங்கா பிழைக்க வேண்டுமானால் அவர்கள் போக வேண்டும் என்று சொன்னோம். அவர்கள் போனபின் காடு உள்ளே வரவே, களை பிடுங்கவும் கன்று வெட்டவும் கூலிக்கு ஆள் வேண்டியிருக்கிறது. எந்தச் செடி எப்போது பூக்கும், எந்தப் புல்லை எந்த மான் விரும்பும் என்று அறிந்த கைகள் சுற்றுக் கிராமத்துக் கைகளே. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், வனத்தில் வாழ்வோரை அவர்களுடைய இசைவின்றி வெளியேற்றலாகாது என்று விதித்திருக்கிறது. ஆனால் இசைவு எவ்வாறு பெறப்பட்டது என்னும் கேள்வி அதற்குப் பிறகும் ஓயவில்லை. மானா, மனிதனா என்று இரண்டிலொன்றைக் கேட்பது மேடைப் பேச்சுக்கு உதவலாம். மானின் புல்லுக்கு மனிதனின் கை வேண்டும் என்பதைக் கான்ஹாவே காட்டுகிறதென்றால், அந்தக் கைக்கு நாட்கூலி மட்டும் கொடுத்தனுப்புவது நியாயமாகுமா என்று நாம் கேட்கிறோம்.

நம் தமிழ்நாட்டிலும் இதே நோய் உண்டு. கோடிக்கரையில் இரலை மான்கள் மேயும் வெளியைச் சீமைக் கருவேலம் சூழ்ந்து வருகிறது. சென்னை கிண்டி வனத்திலும் திறந்த புல்வெளி குறுகி மரமும் புதரும் மிகுந்ததால், வெளியை நாடும் இரலைக்கு இடம் சுருங்கியது. நிழலில் வாழத் தெரிந்த புள்ளிமானுக்கு அவ்வளவு நட்டமில்லை. மரம் நடுவது எங்கேயும் புண்ணியம் என்று நினைக்கிறவர்கள் இரலையை ஒருமுறை கேட்டுவிட்டு நடுவது நலம்.

உழாமல் விதைப்பது நம்மவருக்குப் புதிதும் அன்று. தஞ்சைத் தரணியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த நேயர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. தை மாதத்தில் சம்பா அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் இருக்கையில், மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெற்பயிரின் ஊடே ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ உளுந்தோ பயறோ வீசிவிடுவார்கள். நெல்லை அறுக்கும்போது உளுந்து இரண்டிலை விட்டிருக்கும். எஞ்சிய ஈரமும் பனியும் கொண்டே அது விளைந்துவிடும். சத்தீஸ்கரிலும் மத்தியப் பிரதேசத்தின் கீழ்ப்பகுதியிலும் இதையே உதேரா என்கிறார்கள். அவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் நிற்கும் நெல்லுக்குள் தேவடா என்னும் கேசரிப் பருப்பை வீசுகிறார்கள். பிலாயிலும் ராய்ப்பூரிலும் உள்ளவர்கள் நகரெல்லை தாண்டிச் சிறிது தூரம் போனாலே கண்ணால் காணலாம். காட்டோர ஊர்களில் அந்தப் பசும்பயிரைத் தேடிப் புள்ளிமான் இரவில் வந்துவிடும். அங்கே அது விருந்தாகாது, திருட்டு ஆகிவிடும். குடியானவனுக்கு மான்மேல் கோபம் வந்தால் அவனைக் குறை கூற முடியாது. காட்டுக்குள் புல் நன்றாயிருந்தால் அவன் வயலுக்கும் ஓரளவு காவலாகும்.

நகரங்களில் மான் பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிற பெற்றோருக்கும் ஒரு சொல். வேலிக்கு வெளியே நின்று ரொட்டியும் பொரியும் கடலையும் வீசுவதை அன்பு என்று எண்ணுகிறோம். மான் அசைபோடும் விலங்கு. புல்லுக்குப் பழகிய அதன் வயிற்றில் மாவும் தானியமும் திடீரென்று மிகுதியாகச் சேர்ந்தால் புளித்து அமிலமாகி உயிருக்கே ஆபத்தாகும். பிளாஸ்டிக் உறையோடு விழுந்ததை அது உறையோடு விழுங்கும். கொடுத்துத்தான் தீர வேண்டும் என்கிறவர்கள் காவற்காரரைக் கேட்டு, அவர் காட்டும் பசும்புல்லைக் கொடுக்கட்டும்.

பாரசிங்கா இன்று கான்ஹாவில் மட்டும் இல்லை. எல்லா முட்டையையும் ஒரே அடையில் வைக்கக் கூடாதென்று, 2015-இல் தொடங்கிச் சாத்பூரா வனத்துக்கும், 2023-இல் பாந்தவ்கர் வனத்துக்கும் சில மந்தைகளைக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். அவற்றை லாரியில் ஏற்றுவதற்கு முன்பே, அவை இறங்கும் இடத்தில் வேலி போட்டுப் புல் தயாராயிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள்.

கான்ஹா ஜபல்பூரிலிருந்து ஏறக்குறைய 160 கிலோமீட்டர் தூரம். ஜூலை முதல் செப்டம்பர் முடிய வனம் மூடியிருக்கும். அக்டோபரில் திறக்கும்போது புல் ஆளுயரம் நிற்கும், குட்டிகள் அதற்குள் ஒளிந்திருக்கும். டிசம்பர் பிற்பகுதியிலும் ஜனவரியிலும் ஆண் பாரசிங்காக்கள் கொம்பில் புல்லைச் சுற்றிக்கொண்டு விடியற்காலையில் குரல் கொடுக்கும். அதைக் கேட்க விரும்புகிறவர்கள் அந்த மாதங்களில் போகலாம். புல்வெளியில் அப்போது உறைபனி படிந்திருக்கும்; கம்பளி எடுத்துச் செல்ல மறக்க வேண்டாம்.